தொட்டாற்சிணுங்கிக்கு முள் எதற்கு?

நாகலூர்க் காப்பிக்காரி (கேள்வி)

வணக்கம். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் நிழல், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, ஓரமாக நான்கு பலா மரங்கள். சென்ற ஆண்டு அடித்த காற்றில் இரண்டு சில்வர் ஓக் வேரோடு சாய்ந்தன. அதுவரை நிழலாக இருந்த மேட்டுப் பக்கத்தில் வெயில் நேராக விழத் தொடங்கியது. ஒரே மழைக்காலம்தான், வெயில் விழுந்த இடம் முழுவதையும் தொட்டாற்சிணுங்கி பிடித்துக்கொண்டது. இளஞ்சிவப்புப் பூவோடு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் வழியோரத்தில் குனிந்து அதைத் தொட்டுத் தொட்டு மகிழ்வதைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் இலையைத் தொடுகிறார்கள். நாங்கள் தண்டைப் பிடிக்கிறோம்.

சென்ற வாரம் களையெடுக்கும்போது ஒரு காப்பிச் செடியின் அடியில் கையை விட்டு, ஒரு பிடியாகச் சேர்த்து இழுத்தேன். மேலே மெத்தென்ற இலைதான் தெரிந்தது. இழுத்த பிறகுதான் உள்ளங்கையில் ஏழெட்டு முள் ஏறியிருந்தது தெரிந்தது. சிறிய முட்கள், ரோஜா முள்ளின் அளவுகூட இல்லை. ஆனால் நுனி கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், மேல்நோக்கி இழுக்கும் கையை அவை கொக்கி போல மாட்டிக்கொள்கின்றன. விரலிடுக்கில் ஒன்று முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு நாளில் விரல் வீங்கியது. என் கணவர் ஊசியை நெருப்பில் காட்டி, விளக்கு வெளிச்சத்தில் அரை மணி நேரம் தேடி எடுத்தார். சேலத்தில் வாங்கிய ரப்பர் பூசிய கையுறை போட்டிருந்தேன். அதையும் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது.

எங்களுடன் களையெடுக்க வரும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர், இந்த மலையிலேயே பிறந்தவர். அவர் கையுறை போடுவதில்லை. அவருக்கு ஒரு முள்கூடக் குத்துவதில்லை. எப்படி என்று அன்று உட்கார்ந்து கவனித்தேன். செடியின் அருகே போனதும் களைக்கொத்தின் பின்பக்கத்தால் செடியை இரண்டு தட்டுத் தட்டுகிறார். இலையெல்லாம் மடங்கி, காம்புகள் தொங்கிவிடுகின்றன. பிறகு குனிந்து, வெறும் தண்டாக நிற்கும் செடியில் முள் இல்லாத இடமாகப் பார்த்து, மண்ணை ஒட்டி இரு விரலால் பிடித்து இழுக்கிறார். “முதலில் தட்டு. முள் எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிவிடும். பிறகு பிடி” என்றார்.

அன்று மாலை இதை வீட்டில் சொன்னேன். என் மகளுக்கு ஒன்பது வயது. யாராவது குரலை உயர்த்தினால் அவள் கண் கலங்கிவிடும். அதனால் உறவுக்காரர்கள் எல்லாரும் அவளைத் ‘தொட்டாற்சிணுங்கி’ என்றே கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, பலமுறை சொல்லியும் பார்த்துவிட்டேன். அவள் என் வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அம்மா, சிணுங்குகிற செடிக்கு முள் எதற்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தாவரவியல் படித்தவள்தான். தொட்டால் ஏன் மடங்குகிறது என்று படித்திருக்கிறேன். ஆனால் முள்ளைப் பற்றி ஒரு வரி படித்ததாக நினைவில்லை. இலையை மடக்குவதே தற்காப்பு என்றால் முள் ஏன் வேண்டும்? முள் இருக்கிறது என்றால் மடங்குவது எதற்கு?

இன்னும் இரண்டு செய்திகள். இளஞ்செடியைப் பிடுங்கும்போது வேரிலிருந்து ஒரு கெட்ட நாற்றம் வருகிறது. அழுகிய முட்டையும் பூண்டும் கலந்தது போல. முதலில் மண்ணின் நாற்றம் என்று நினைத்தேன். பக்கத்திலேயே வேறு களையைப் பிடுங்கினால் வரவில்லை. அடுத்தது, எங்கள் ஆடுகள். நுனித் தளிரை மட்டும் கடித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அடித்தண்டுப் பக்கம் வாயை வைப்பதே இல்லை. இந்தச் செடியை ஆட்டுக்குக் கொடுக்கலாமா, கூடாதா?

தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். மகளிடமும் படித்துக் காட்டப் போகிறேன்.

---

ஓமலூர்ப் பட்டிக்காரன்

அக்கா, ஆட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதைப் படித்தவர்கள் சொல்வார்கள்.

எங்கள் பட்டியில் முப்பது ஆடுகள் இருக்கின்றன. வரப்பில் இருக்கும் தொட்டாற்சிணுங்கியைப் போகிற போக்கில் கடிக்கும். அதற்காக நான் விரட்டுவதில்லை. ஆனால் இதையே அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொடுக்க வேண்டாம். இந்தச் செடியில் மிமோசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. நாம் ஆட்டுக்கு வளர்க்கிற சவுண்டல் மரத்தின் இலையிலும் இருப்பது அதே மிமோசின்தான். சவுண்டலை அளவு மீறிக் கொடுத்தால் முடி கொட்டும், உடல் இளைக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். குதிரை, பன்றி போன்றவற்றுக்கு இது இன்னும் கெடுதல். ஆடு மாடுகளின் இரைப்பையில் இந்த நச்சை உடைக்கும் நுண்ணுயிர்கள் இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஹவாய்த் தீவில் ஆடுகள் சவுண்டலைத் தின்று நன்றாக இருப்பதைப் பார்த்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் அந்த நுண்ணுயிரைத் தேடிப் போனார். அவர் பெயரையே பிறகு அதற்கு வைத்தார்கள். இதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். மறக்கவே இல்லை.

உங்கள் ஆடு தளிரைக் கடித்துவிட்டு நகர்கிறது என்றால் அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

---

கன்னங்குறிச்சி நாற்றங்கால்

சகோதரி, இந்தச் செடியை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, இப்போது மலையடிவாரத்தில் நாற்றங்கால் வைத்திருக்கிறேன். உங்கள் மகளின் கேள்வியைப் படித்ததும் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு நல்ல கேள்வி.

உங்கள் பெரியம்மா சொன்னதை ஒருவர் ஆய்விதழில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த தாமஸ் ஐஸ்னர். பூச்சிகளும் செடிகளும் தங்களைக் காத்துக்கொள்ளும் வழிகளைத் தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 1981-இல் அவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஷ்ராங்கியா என்ற செடியைப் பற்றியது. நம் தொட்டாற்சிணுங்கிக்கு நெருங்கிய உறவு, அதுவும் தொட்டால் மடங்கும். அதன் இலை விரிந்திருக்கும்போது தண்டிலுள்ள வளைந்த முட்கள் இலைக்குள் மறைந்திருக்கின்றன. இலை மடங்கியதும் முட்கள் வெளியே வருகின்றன. ஆகவே மேய வரும் விலங்கின் முன்னால் முள்ளை நீட்டுவதற்குத்தான் இலை மடங்குகிறதோ என்று அவர் கேட்டார். தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார், முடிவு கட்டிவிடவில்லை. அவர் பார்த்தது வேறு செடிதான் என்றாலும் நம் செடியிலும் இதே காட்சியை நாம் பார்க்கிறோம். உங்கள் கையைக் குத்தியது விரிந்த இலைக்குள் மறைந்திருந்த முள். பெரியம்மாவுக்குக் குத்தாதது மடங்கிய இலை காட்டிக்கொடுத்த முள்.

எனவே மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: இலை மடங்குவதும் முள்ளும் இரண்டு தனித்தனி வேலைகள் அல்ல, ஒரே வேலையின் இரண்டு பாதிகள். மேயும் ஆட்டின் கண்ணுக்கு ஒரு நொடிக்கு முன்பு பசுமையாக, வாய் நிறையக் கிடைக்கும்போல் இருந்தது. அடுத்த நொடி அங்கே வாடிய குச்சியும் முள்ளும் மட்டும் நிற்கின்றன.

முள்ளைப் பற்றி இன்னொன்று. நாம் எல்லாவற்றையும் முள் என்றே சொல்கிறோம், ஆனால் பிறப்பு வேறு வேறு. எலுமிச்சை முள், காகிதப்பூ முள் ஆகியவை கிளையாக வளர வேண்டியவை முள்ளாக மாறியவை. பிய்த்தால் நாரோடு கிழியும். சப்பாத்திக்கள்ளியின் முள் இலையாக இருக்க வேண்டியது. ரோஜா முள்ளும் தொட்டாற்சிணுங்கி முள்ளும் தண்டின் தோலில் முளைத்தவை. பக்கவாட்டில் அழுத்தினால் ‘டக்’ என்று சுத்தமாக உதிரும். உங்கள் விரலுக்குள் முறிந்து தங்கியதன் காரணமும் அதுதான். உங்கள் வீட்டில் ரோஜாச் செடி இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து மகளை உதிர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயையும் விட்டுவிடாதீர்கள். சிறு கொத்தாகத் தட்டையான காய்கள் இருக்குமே, அவற்றின் விளிம்பில் வரிசையாக முரட்டு முடிகள் நிற்கும். முற்றியதும் காய் ஒவ்வொரு விதையாகத் துண்டாகி உதிரும். அந்த முடியோடு ஆட்டு ரோமத்திலும் உங்கள் சேலைத் தலைப்பிலும் ஒட்டிக்கொண்டு ஊர் போகும். தண்டில் எதிரியைத் தடுக்கிற அதே கூர்மை, காயில் அதே எதிரியின் முதுகில் ஏறிப் பயணம் செய்ய உதவுகிறது. இந்தச் செடியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

இனி மடங்கும் விதம். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும், பெரிய காம்பு தண்டோடு சேரும் இடத்திலும் ஒரு சிறு புடைப்பு இருக்கும். புல்வினஸ் என்பார்கள். அங்கே உள்ள செல்கள் நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால்தான் இலை நிமிர்ந்து நிற்கிறது. தொட்டதும் ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. புடைப்பின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேறுகின்றன, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது. விறைப்பு போன பக்கமாக இலை மடிகிறது. பெரிய காம்பில் கீழ்ப்பக்கம் தளர்வதால் காம்பு தொங்குகிறது. சிற்றிலைகளில் மேல்பக்கம் தளர்வதால் அவை கைகூப்புவது போல மேல்நோக்கிச் சேர்கின்றன. நமஸ்காரி என்ற பெயர் இதற்கு வந்ததில் வியப்பில்லை. இந்த மின்துடிப்பைக் கொல்கத்தாவில் உட்கார்ந்து, தாமே செய்த கருவிகளால் பதிவுசெய்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரும் நம்ப மறுத்த காலத்தில், செடிக்கும் துடிப்பு ஓடுகிறது என்று விடாமல் சொன்னவர்.

பூச்சிக்கு எதிராக மடங்குவது உண்மையிலேயே பயன்படுகிறதா என்பதற்கு 2022-இல் ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழகக் குழு ஒரு நேரடிச் சோதனை செய்தது. மரபணுவில் திருத்தம் செய்து, அந்தப் புடைப்பே இல்லாத, மடங்கத் தெரியாத தொட்டாற்சிணுங்கிகளை வளர்த்தார்கள். அவற்றையும் இயல்பான செடிகளையும் வெட்டுக்கிளிகளிடம் விட்டார்கள். மடங்காத செடிகள் ஏறத்தாழ இரு மடங்கு தின்னப்பட்டன. அதே ஆய்வில் கால்சியம் அலை ஒன்று இலை வழியே ஓடுவதை ஒளிரும்படி செய்து படம் பிடித்தார்கள். அலை புடைப்பை அடைந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் இலை அசைகிறது. ஆட்டுக்கு முள், வெட்டுக்கிளிக்கு மடக்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன். வெட்டுக்கிளியை முள் என்ன செய்யும்? அது முள்ளுக்கு இடையிலேயே நடந்து போய்விடும்.

நாற்றத்தைச் சரியாகவே மோந்திருக்கிறீர்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு அதைப் பற்றியதுதான். இளஞ்செடியின் வேரில் நுண்ணிய பை போன்ற உறுப்புகள் இருக்கின்றன. விரலோ மண்ணோ வேரில் உரசினால் கந்தகம் கலந்த ஆவிகளை அவை வெளிவிடுகின்றன. கண்ணாடியாலோ உலோகத்தாலோ தொட்டால் வெளிவிடவில்லை. எதால் தொடுகிறோம் என்பது வேருக்கு வேறுபடுகிறது! மேலே இலை, நடுவில் முள், கீழே நாற்றம். அதற்கும் மேலே தம்பி சொன்ன மிமோசின்.

கடைசியாக ஒரு சொந்தக் கதை. தொட்டதற்கெல்லாம் மடங்கிக்கொண்டே இருந்தால் செடி வெயிலை இழக்கும், உணவு செய்ய முடியாது. அதனால் ஆபத்தில்லாத தொடுகையை அது பழகிக்கொள்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொட்டியைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப் போனேன். பஸ் கிளம்பிய அதிர்விலேயே எல்லா இலையும் மடங்கிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகள், குலுக்கல் நிற்கவே இல்லை. ஆனால் பாதி வளைவுகளுக்கு மேல் ஏறும்போது குனிந்து பார்த்தால், பஸ் குலுங்கக் குலுங்கச் செடி விரிந்து நிற்கிறது. விரலால் ஒரு இலையைச் சுண்டினேன், உடனே மடங்கியது. களைப்பால் விரிந்து கிடக்கவில்லை, பஸ்ஸின் குலுக்கலை மட்டும் பொருட்படுத்தாமல் விட்டிருக்கிறது. பாரிஸில் தேஃபோந்தேன் என்ற தாவரவியலாளரும் குதிரை வண்டியில் இதையே கண்டதாகப் பிறகு படித்தேன். 2014-இல் ஆஸ்திரேலியாவில் மோனிகா காக்லியானோவின் குழு, தொட்டிகளைப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்தது. செடிகள் மடங்குவதை நிறுத்திக்கொண்டன. நான்கு வாரம் கழித்து மறுபடி விழவைத்தபோதும் அந்தப் பாடம் அவற்றிடம் இருந்தது. வெளிச்சம் குறைவான இடத்தில் வளர்ந்த செடிகள் விரைவில் கற்றன. வெயில் குறைந்த இடத்தில் வீணாக மடங்குவது பெரிய நட்டம் அல்லவா?

உங்கள் தோட்டத்தில் வெயிலும் நிழலும் அடுத்தடுத்து இருக்கின்றன. மகளிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

---

நாகலூர்க் காப்பிக்காரி

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு மகளுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். பஸ் கதையை மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

ரோஜா முள்ளையும் தொட்டாற்சிணுங்கி முள்ளையும் காலையிலேயே உதிர்த்துப் பார்த்துவிட்டாள். பிறகு வாசலில் இருக்கும் எலுமிச்சையில் முயன்றாள். வரவில்லை, கிழிந்தது. “இது கிளை, அது தோல்” என்று பாட்டியிடம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்று மனத்தில் உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். இந்தச் செடி நம் மண்ணில் பிறந்ததல்ல, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். லின்னேயஸ் 1753-இல் இதற்கு வைத்த பெயரில் ‘புடிகா’ என்றால் நாணமுடையது என்று பொருளாம். நாம் சிணுங்கி என்கிறோம், சுருங்கி என்கிறோம், வாடி என்கிறோம். இவ்வளவு பெயர்களிலும் ஒன்றுகூட அதன் முள்ளைச் சொல்லவில்லை. பெயர் வைத்த எல்லாரும் இலையை மட்டும் தொட்டவர்கள். களை பிடுங்கியவர்களைக் கேட்டிருந்தால் வேறு பெயர் வந்திருக்கும். நான் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் தயங்காமல், “எங்கள் வீட்டில் சும்மா முள்ளுச்செடி என்றுதான் சொல்வோம்” என்றார்.

நம்முடைய பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு பத்தி இருந்திருந்தால் நான் அன்றைக்குக் கையை விட்டிருக்க மாட்டேன்.

ஒரு ஐயம். மேட்டுப் பக்கம் முழுவதும் பரவிவிட்டது. மொத்தமாகப் பிடுங்கிவிடவா?

---

பாலக்காட்டில் ஒரு சேலத்துக்காரன்

அக்கா, பிடுங்குவதற்கு முன்னால் அது எந்தச் செடி என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் அயோத்தியாப்பட்டணம், வேலை பாலக்காட்டில். இங்கே ஆனைத்தொட்டாவாடி என்று ஒரு பெரிய உறவுக்காரச் செடி தோட்டங்களை மூடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இளஞ்சிவப்புப் பூதான். பார்த்தவுடன் ஏமாந்துவிடலாம்.

வேறுபாடு எளிது. உங்கள் சிறிய செடியில் ஒரு காம்பின் நுனியிலிருந்து பெரும்பாலும் நான்கு இறகுகள், விரல் விரித்தது போல ஒரே இடத்திலிருந்து கிளம்பும். ஆனைத்தொட்டாவாடியில் இறகுகள் காம்பு நெடுக இணை இணையாக, நான்கைந்து இணைகளுக்குக் குறையாமல் இருக்கும். தண்டைத் தடவ வேண்டாம், பாருங்கள்: உருண்டையாக இல்லாமல் விளிம்புகளோடு இருக்கும், அந்த விளிம்பு நெடுக முள். தரையில் நிற்காது, பக்கத்துச் செடிமேல் முள்ளைக் கொக்கியாக மாட்டி ஏறி, ஆள் உயரத்துக்கு மேலும் போய் மூடிவிடும். தொட்டால் மடங்கும், ஆனால் சிறியதைப் போல வேகமாக அல்ல. கால்நடைக்கு நச்சு, மேயவே விடக்கூடாது. அஸ்ஸாமின் காசிரங்காவில் புல்வெளிகளையே இது கெடுத்துக்கொண்டிருக்கிறது. தோட்டத்து மண்ணை மூடவும் சத்துச் சேர்க்கவும் என்று விரும்பிக் கொண்டுவந்த செடி இது என்பதுதான் வேதனை.

ஒற்றைச் செடியாகத் தெரிந்தாலும் காய்க்கும் முன் வேரோடு எடுத்துவிடுங்கள். உங்கள் மலையில் இது ஏறிவிடக் கூடாது.

---

மஞ்சக்குட்டை மேட்டுத்தோட்டம்

அம்மா, சரிவில் இருக்கும் நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தமாகப் பிடுங்காதீர்கள். ஒரே நாளில் வேரோடு எடுத்தால் அடுத்த மழைக்கு மேல்மண் ஓடைக்குப் போய்விடும். நான் அப்படிச் செய்து ஒரு பாத்தி முழுவதையும் இழந்தேன்.

காப்பிச் செடியின் அடியில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் வேரோடு எடுங்கள். மீதியை அரிவாளால் தரையை ஒட்டி அறுத்து, அங்கேயே பரப்புங்கள். காய் முற்றுவதற்கு முன் அறுப்பது முக்கியம். விதையின் ஓடு கெட்டியானது, மண்ணில் பல ஆண்டுகள் கிடந்து முளைக்கும். பரப்பிய முள் காயும் வரை யாரும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இந்தச் செடியின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பவை. அறுத்துப் போடுவது உரமாகவே போகும். பிறகு அந்த இடத்தில் நிழல் மரம் வையுங்கள். நிழல் திரும்பினால் செடி தானாகக் குறையும். மரம் சாய்ந்ததுதானே இதற்குத் தொடக்கம்.

---

நாகலூர்க் காப்பிக்காரி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

பாலக்காட்டுத் தம்பி சொன்னபடி தோட்டம் முழுவதும் நடந்து பார்த்தோம். எல்லாம் நான்கு விரல் செடிதான், உருண்டைத் தண்டுதான். நிம்மதி. மஞ்சக்குட்டை ஐயா சொன்னபடி காப்பிச் செடிகளின் அடியில் மட்டும் பிடுங்கினோம். மீதியை அறுத்துப் போட்டாயிற்று. சில்வர் ஓக் சாய்ந்த இரண்டு குழியிலும் நாற்று வைத்திருக்கிறோம். ஒன்று சில்வர் ஓக். இன்னொன்று மகள் கேட்டதால் பலா.

மகளின் கடிகாரக் கணக்கையும் எழுதுகிறேன். வெயிலில் ஐந்து செடி, பலா நிழலில் ஐந்து செடி. பள்ளி விட்டு வந்ததும் ஒவ்வொன்றையும் பென்சிலால் ஒருமுறை தட்டி, முழுவதும் விரியும் நேரத்தை நோட்டில் எழுதினாள். முதல் நாள் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேல் இருபது நிமிடத்துக்குள் விரிந்தன. வெயிலுக்கும் நிழலுக்கும் அவள் எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை. மாலை ஐந்தரைக்கு மேல் தட்டிய இரண்டு செடிகள் விரியவே இல்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்து அழுதுவிட்டாள். பிறகு நானே சொன்னேன், அது உறங்கப் போகும் நேரம், தொடாவிட்டாலும் மடங்கும் என்று. மறுநாளிலிருந்து சனி ஞாயிறு காலையில் மட்டும் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அடுத்து, ஒரே செடியை மழைத்துளி போலச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பழக்க முடியுமா என்று பார்க்கப் போகிறாளாம். பழைய பெயின்ட் டப்பாவில் இரண்டு செடி எடுத்து வைத்திருக்கிறாள். எடுக்கும்போது வேரை மோந்துவிட்டு ஓடிவந்து என் மூக்கருகே விரலை நீட்டினாள். அதே நாற்றம்.

ஆட்டையும் கவனித்தேன். ஒரு காலை, ஒரு வெள்ளாடு, அவ்வளவுதான். இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. தட்டாமல் விட்ட செடிகளில் தலையை நீட்டி முதல் வாய் நன்றாகக் கடித்தது. கடித்த அதிர்வில் சுற்றியிருந்த இலைகள் எல்லாம் தொங்கின. இரண்டாவது வாய்க்கு உதட்டை மட்டும் நீட்டி, தண்டைத் தொட்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு பின்வாங்கியது. பக்கத்தில் இருந்த உண்ணிச்செடிக்கும் போகாமல் நேராக வேலி ஓரப் புல்லுக்குப் போய்விட்டது. முதல் வாய்க்கும் இரண்டாம் வாய்க்கும் இடையில் அந்தச் செடி செய்ததை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

விரல் ஆறிவிட்டது. நாளை கீழ்ப்பாத்தியில் வேலை. பெரியம்மா ஏழு மணிக்கு வருகிறார், எனக்கும் ஒரு பழைய களைக்கொத்தைக் காம்பு மாற்றிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.